இளைஞராக்கும் ஆணை

மனிதகுலம் தோன்றிய நாளிலிருந்து தேடி அலைந்த நித்திய இளமையின் ரகசியம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மாவட்ட வேளாண்மை அலுவலகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், தேநீரும் பிஸ்கட்டும் வந்து சேர்வதற்குச் சற்று முன்னதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மூலிகை கிடையாது, மந்திரம் கிடையாது. ஒரே ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

அன்றைய கூட்டத்தின் பொருள் 'விவசாயிகளுக்கு வயதாகிறது' என்பது. எல்லோருக்கும்தான் வயதாகிறது. ஆனால் மற்றவர்கள் அதை நாற்காலியில் சாய்ந்தபடி செய்துகொள்கிறார்கள். விவசாயிகள் குனிந்தபடி செய்கிறார்கள், பார்க்கவே சங்கடமாக இருக்கிறது என்று இயக்குநர் வருத்தப்பட்டார். இதற்காகவே அவர் 'இளம் விவசாயிகள் ஊக்குவிப்புப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதற்குப் பெயர்ப்பலகை இருந்தது, ஜீப் இருந்தது, குளிர்பதன அறை இருந்தது, விவசாயம் படித்த துடிப்பான பிள்ளைகள் வரிசையாகக் கணினி முன்னால் இருந்தார்கள். எல்லாம் இருந்தது. ஊக்குவிக்க ஓர் இளம் விவசாயிதான் இல்லை.

முதலில் முப்பத்தைந்து வயதுக்குள் என்று அறிவித்துப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. 'இளைஞர்கள் கூச்சப்படுகிறார்கள்' என்று நாற்பத்தைந்தாக்கினார்கள். இல்லை. அறுபதாக்கினார்கள். அறுபதுக்குள் ஒருவர் ஜீப்பைப் பார்த்துக் கை காட்டினார். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் பேருந்துக்காக நின்றவர்.

"இளைஞர்களை வயலுக்குக் கொண்டுவர ஒரு தலைமுறை ஆகும்," என்று எழுந்து நின்றார் இயக்குநர். "வயல்ல இருக்கறவங்களை இளைஞர் ஆக்க ஒரு நிமிஷம் போதும். எழுதுங்க. இளைஞர்னா எழுபது வயசு வரைக்கும்."

அறை கைதட்டியது. தேநீர் வந்தது.

எழுபதுக்குள் மாவட்டம் முழுக்க ஒரே ஒருவர் சிக்கினார். அவரைக் கேட்காமலேயே பெயரைப் பதிந்துகொண்டார்கள். அவரை ஊரில் 'தம்பி' என்பார்கள். விவசாயிகள் சங்கத்தில் மற்றவர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். சங்கக் கதவைத் திறக்க, நாற்காலி போட, கூட்டத்துக்குத் தண்ணீர் தூக்கிவர எல்லாவற்றுக்கும் "தம்பி, நீதான் சின்னவன்" என்று அவரைத்தான் ஏவுவார்கள். தம்பிக்கு அறுபத்தேழு வயது. உருளைக்கிழங்கு போடுகிறார். கிழங்கு மண்ணுக்குள் இருப்பதால் அதை மண்டியிட்டுத்தான் எடுக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அப்படி மண்டியிட்டதில் அவருடைய வலது மூட்டு, துருப்பிடித்த கதவு மாதிரி சத்தம் போட ஆரம்பித்திருந்தது. இரண்டு வரிசை பறித்தால் மூன்றாவது வரிசைக்கு அவரை யாராவது தூக்கி நிறுத்த வேண்டும். தூக்கி நிறுத்த அவருடைய மனைவி மட்டும்தான் இருந்தார். அவருக்கு இடுப்பு வலி.

அரசு மருத்துவமனையில் முதியோருக்கு மூட்டு மாற்றும் திட்டம் ஒன்று இருந்தது. தம்பி ஒரு வருடமாக வரிசையில் இருந்தார். அடுத்த விதைப்புக்குள் மூட்டு மாறினால் இன்னும் சில வருடம் ஓட்டலாம். மாறாவிட்டால் வயலைப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். கணக்கு அவ்வளவு சுலபமானது. அவர் முறை வரவும் ஆணை வரவும் சரியாக இருந்தது.

மருத்துவமனைக் கவுன்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி கணினியையே நம்பினார்.

"இது முதியோர் திட்டம்ங்க. நீங்க இளைஞர்னு காட்டுது."

"யாரு, நானா?"

"போன வாரத்துலேர்ந்து."

"என்னை நல்லாப் பாருப்பா. பல்லு பாதி இல்ல."

"நான் பாத்து என்னங்க பண்ணறது? சிஸ்டம் பாக்கணும்."

பின்னால் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "கல்யாணம் பண்ணினப்பகூட இந்த மனுஷன் இளைஞராத் தெரியல. இப்ப எங்கேர்ந்து வந்துச்சாம்?"

இருவரும் நேராக வேளாண்மை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பை வாழ்நாளில் கண்டதில்லை. ஊக்குவிப்பு அலுவலரான ஒரு பெண், பேத்தி வயது, வாசலுக்கே ஓடிவந்தாள்.

"வாங்க தாத்தா... ஐயோ, சாரி. வாங்க அண்ணா."

"தாத்தான்னே கூப்பிடும்மா, பரவால்ல."

"இல்லண்ணா, சுற்றறிக்கை வந்திருக்கு. உங்களைத் தாத்தான்னு கூப்பிட்டா எனக்கு மெமோ குடுப்பாங்க."

"அப்ப நான் உனக்கு என்ன வேணும்?" என்றார் மனைவி.

அந்தப் பெண் யோசித்தாள். "அண்ணிதான்."

"அட போம்மா," என்று மனைவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

குளிர்பதன அறையில் எல்லாப் பிள்ளைகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் இத்தனை நாளாக ஊக்குவிப்பதற்காகவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள். ஊக்குவிக்கப்படப்போகிறவரை முதன்முறையாக உயிரோடு பார்க்கிறார்கள். ஒருத்தன் தம்பிக்குத் தொப்பி மாட்டினான். இன்னொருத்தன் 'நாளைய விவசாயி நானே' என்று அச்சிட்ட பனியனைக் கொடுத்தான். ஊக்கத்தொகுப்பு என்று ஒரு பெட்டி வந்தது. திறந்தால் ஓட்டப்பந்தயக் காலணி.

"எனக்கு மூட்டுதான் வேணும்," என்றார் தம்பி.

இயக்குநர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பவர். கேட்பதில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

"வலி எங்க இருக்கு சொல்லுங்க?"

"மூட்டுலங்க."

"இல்ல. மனசுல. முதியவர்னு நினைக்கறதனாலதான் வலிக்குது. நீங்க இளைஞர்னு நினைச்சுப் பாருங்க."

தம்பி நினைத்துப் பார்த்தார். மூட்டு நினைக்க மறுத்தது.

"ஐயா, அந்த ஆணையிலேர்ந்து என் பேரை மட்டும் எடுத்துடுங்க. புண்ணியமாப் போகும்."

இயக்குநரின் முகம் மாறியது. கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைக் கண்ணாடி வழியாகக் காட்டினார். "அவங்க எல்லாம் பாவம் இல்லையா? நீங்க ஒருத்தர் இருக்கறதாலதான் இந்தப் பிரிவே இருக்கு. நீங்க முதியவர் ஆயிட்டா நாளைக்கே பிரிவை மூடிடுவாங்க. அத்தனை பேரும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைங்க. வேலை போச்சுன்னா எங்க போவாங்க?"

"வயலுக்குப் போகட்டுமே," என்றார் தம்பி.

இயக்குநர் சிரித்தார். நல்ல நகைச்சுவையை ரசிக்கத் தெரிந்தவர்.

தம்பி நொண்டிக்கொண்டே வெளியே வந்தபோது, மனைவி எழுந்து நின்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இங்க வாங்க. 'இளம் விவசாயி ஒருங்கிணைப்பாளர்'னு ஒரு வேலை காலியா இருக்காம். பதிவு பண்ணின இளம் விவசாயி மட்டும்தான் விண்ணப்பிக்கலாமாம்."

"அதுக்கு?"

"மாவட்டத்துக்கே நீங்க ஒருத்தர்தானே இளைஞர்? யாரு போட்டிக்கு வரப்போறா?"

"அடியே, கிண்டலுக்கு ஒரு அளவு இல்லையா?"

"கீழ பாருங்க. ஊழியர்களுக்கு எல்லா மருத்துவமும் உண்டு. எந்த வயசா இருந்தாலும். மூட்டும் சேத்திதான்."

தம்பி அந்த அறிவிப்பை இரண்டு முறை படித்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனைவியை அவர் அப்படி மரியாதையோடு பார்த்ததில்லை.

நேர்முகத் தேர்வு அன்று நிர்வாகப் பிரிவுக்காரர் ஒருவர் பதறினார். "சார், இவரு ஓய்வு பெறுற வயசையே தாண்டிட்டாரு சார். எப்படி வேலைக்கு எடுக்கறது?"

சட்ட ஆலோசகர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். "மெதுவா பேசுங்க. இவரு வேலை செய்ய முடியாத கிழவர்னு நாமே எழுதிக் குடுத்தா, இளைஞர்னு போட்ட ஆணை என்ன ஆகும்? ஆணை போனா பிரிவு போகும். பிரிவு போனா?"

யார் போவார்கள் என்று எல்லோரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள்.

இயக்குநருக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "உங்களை நினைச்சா வருத்தமா இருக்குங்க. நிலத்தை விட்டுட்டு நாற்காலிக்கு ஆசைப்படறீங்களே. எங்கப்பாவைப் பாருங்க. எழுபத்தாறு வயசு. இன்னும் தனி ஆளா கிழங்கு பறிக்கிறாரு. எத்தனை தடவை கூப்பிட்டேன், என்கூட வந்து இருங்கன்னு. வரமாட்டேங்கறாரு. அது பற்று."

"நீங்க அவரை விட்டுட்டு ஏன் ஐயா இங்க வந்தீங்க?"

"நான் படிச்சேன்."

"நான் கொஞ்சம் லேட்டுங்க," என்றார் தம்பி. "அதே பஸ்தான்."

வேறு கேள்வி எதுவும் இல்லை. அன்று மாலையே நியமன உத்தரவு கைக்கு வந்தது.

அப்புறம் நடந்ததெல்லாம் நல்லதுதான். மருத்துவமனையில் அதே கவுன்டர்காரர், அதே கணினி. இந்த முறை சிஸ்டம் 'ஊழியர்' என்று காட்டியது, அவரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மூட்டு மாறியது. தம்பி கைத்தடியோடு அலுவலகம் வந்தார், அப்புறம் கைத்தடி இல்லாமல் வந்தார். அவருக்குச் சுழலும் நாற்காலி கொடுத்தார்கள். முதல் நாள் பயந்து பயந்து உட்கார்ந்தார். பத்தாம் நாள், சுழன்றபடியே தொலைபேசியில் பேச வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்குப் போய், மண்ணைத் தொட்டு வாழ்வதன் மகிமையைப் பற்றிப் பேசினார். பிள்ளைகள் கேட்டார்கள், அவர் இப்போது என்ன பயிர் போட்டிருக்கிறார் என்று. அவர் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தார்.

வயலில் அவர் மனைவி மட்டும் இருந்தார், கொஞ்ச நாள். இடுப்பு வலி அதிகமானதும் அவரும் வயலைவிட்டு ஏறிவிட்டார். அந்த வருடம் அங்கே விதைப்பு இல்லை. அலுவலகக் குறிப்பில் அதை 'நிலத்துக்கு ஓய்வு' என்று எழுதினார்கள். ஓய்வு பெற இந்த ஏற்பாட்டில் நிலத்துக்கு மட்டும்தான் தகுதி இருந்தது.

ஆனால் பிரிவுக்குப் பழைய நெருக்கடி திரும்ப வந்தது. இளம் விவசாயிகளை ஊக்குவிப்பவர்கள் எண்ணிக்கையில் ஒருவர் கூடியிருந்தார். இளம் விவசாயிகளில் ஒருவர் குறைந்திருந்தார். அதாவது, எல்லோருமே குறைந்திருந்தார்கள். தலைமையகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததும், அதே இரண்டாம் மாடி அறையில் அவசரக் கூட்டம்.

"வரம்பை எண்பது ஆக்குறோம்," என்றார் இயக்குநர், கலங்காமல். "ஒருங்கிணைப்பாளர் சொல்லுங்க. எண்பதுக்குள்ள யார் இருக்காங்க?"

தம்பி தொண்டையைச் செருமினார். இரண்டு வாரமாக ஜீப்பில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "எங்க சங்கத்து அண்ணனுங்கள்ல ஒருத்தர் படுத்த படுக்கை. ஒருத்தர் மக வீட்டுக்குப் போயிட்டாரு. மத்தவங்க எண்பதைத் தாண்டியாச்சு."

"ஒருத்தர்கூடவா இல்ல?"

"ஒருத்தர் இருக்காருங்க. கண்ணு சரியாத் தெரியல. கையால தடவித் தடவித்தான் கிழங்கு எடுக்கறாரு. ஆனா தினமும் வயல்ல இறங்கிடறாரு."

"அருமை. அந்த மாதிரி இளைஞர்தான் வேணும். யாரு அவரு?"

"உங்க அப்பாங்க."

ஊக்குவிப்பு அலுவலரான அந்தப் பெண், தட்டச்சு செய்துகொண்டிருந்த விரல்களை எடுத்துக்கொண்டாள். நிர்வாகப் பிரிவுக்காரர் பிஸ்கட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"இப்பவே அறிவிச்சுடலாங்களா?" என்று கேட்டார் தம்பி.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றார் தணிந்த குரலில். "முதியோர் திட்டத்துல அவருக்கு அடுத்த மாசம் கண் ஆபரேஷன் இருக்கு. அது முடிஞ்சதும் இளைஞர் ஆக்கிடலாம்."