ரோலர் விதிமுறை தொடர்பாக மாப்பிள்ளைக்கு

மிகுந்த மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் மாமியார், மகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் சலவைக்கூடம் சௌக்கியமா என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள்ளவும். நேரில் சொல்லலாமென்றால் புது இயந்திரம் பார்க்க வெளியூர் போய்விட்டீர்கள். போனில் சொல்லலாமென்றால் மூன்று நாளாக "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்கிறீர்கள். ஆகவே தங்கியிருக்கும் விடுதிக்கே எழுதுகிறேன்.

"முப்பத்து நாலு வருஷம் ஆபீஸ்ல கோப்பு எழுதினவர் நீங்க, பாதுகாப்பு விதிமுறை எழுத உங்களைவிட்டா யாரு?" என்று நீங்கள் கேட்டபோது பெருமையாகத்தான் இருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது. ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் திருத்தினால் போதும் என்றீர்களே, அதைப் படித்தேன். நாற்பத்திரண்டு விதிகள். அவற்றில் பத்தொன்பது "கவனமாக இருக்கவும்" என்று முடிகின்றன. எதில், எப்படி என்று ஒன்றிலும் இல்லை. ஒன்பதாவது விதி, "கப்பலுக்கு அடியில் ஆள் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே வேலையைத் தொடங்கவும்" என்கிறது. கப்பல் பழுதுபார்க்கும் நண்பரிடமிருந்து வாங்கியதை அப்படியே அச்சடித்திருக்கிறீர்கள். அதன் கீழே நம் ஆட்கள் பதினொரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். படித்தீர்களா என்று கேட்டேன். "போடச் சொன்னாங்க, போட்டோம்" என்றார்கள். துணி மடிக்கிற அம்மாள் மட்டும், "ஒரே ஒரு சந்தேகங்கய்யா, கப்பல் என்னைக்கு வருது?" என்று கேட்டார்.

சரி, பார்த்தே எழுதுவோம் என்று ரோலர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். படுக்கை விரிப்புகளை இழுத்து இஸ்திரி போட்டுத் தள்ளும் அந்தச் சூட்டு உருளைக்கு முன்னால் ஒரு கம்பி இருக்கிறதல்லவா, கை பட்டால் இயந்திரம் தானே நின்றுவிடுமே, அந்தக் கம்பியைத் தூக்கிக் கிழிந்த விரிப்புத் துணியால் கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் கட்டியது என்று சத்தம் போட்டேன், ரோலர் ஓட்டும் அக்காதான் கடைசியில், "முதலாளிதாங்க கட்டினார், அடிக்கடி நிக்குதாம், வேலை கெடுதாம்" என்றார். மாப்பிள்ளை, அந்த இடத்தில் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? அக்காவின் வலது கையைப் பார்த்தேன், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூட்டுக் காயம். போன வாரம் சட்டைக் கையை உருளை இழுத்திருக்கிறது, துணி கிழிந்ததால் கை சூட்டோடு தப்பியது. அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்.

முடிச்சை நானே அவிழ்த்தேன். அன்று பகலுக்குள் இயந்திரம் பதினான்கு தடவை நின்றது, விரிப்புகள் மலைபோல் குவிந்தன, உங்கள் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வீட்டுக்குப் போங்க" என்று கெஞ்சினார். அப்போது ரோலர் அக்கா, "துணி வைக்கிற பலகை தாழ்வா இருக்குங்க, தூக்கித் தூக்கிக் கொடுக்கும்போது கை கம்பியில இடிக்குது. ரெண்டு விரல் உயர்த்தினாப் போதும். மூணு வருஷமாச் சொல்றேன், யாரு கேக்குறா?" என்றார். தச்சரை வரவழைத்து அடியில் கட்டை வைத்தோம். மறுநாள் முழுக்க ஒரே ஒரு தடவைதான் நின்றது. அதுவும் நிற்க வேண்டிய தடவை. இல்லாவிட்டால் அக்காவின் கை உருளைக்குள் போயிருக்கும், மாப்பிள்ளை.

ஆகவே என்னுடைய விதிமுறை சின்னது: கம்பியைக் கட்டாதே, சிக்கினால் நிறுத்திவிட்டு எடு, நிறுத்தியவரை யாரும் ஏசக் கூடாது. மூன்றாவது உங்களுக்காக எழுதியது. மேலே முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் இப்படிப் பேசலாமா என்று உங்கள் மாமியார் ஒரே புலம்பல். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முடிச்சு விஷயம் நமக்குள் இருக்கட்டும், மகளிடம்கூட நான் மூச்சு விடவில்லை. போன காரியம் நல்லபடி முடிந்து திரும்பி வர மனமார ஆசீர்வதிக்கும்,
மாமா.

பின்குறிப்பு: விவரம் சரியா என்று ரோலர் அக்காவிடம் இந்தக் கடிதம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். "இதுதாங்க எங்களுக்குப் புரியுது" என்று ஜெராக்ஸ் எடுத்து இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பதினொரு பேரும் இந்த முறை படித்துவிட்டே கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வாரம் வர வேண்டிய தொழிற்சாலை ஆய்வாளர் இன்றே வந்து அதன் முன்னால் நிற்கிறார். இரண்டாம் தடவை படிக்கிறார். "இவ்வளவு தெளிவா எழுதின விதிமுறையை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று பாராட்டிவிட்டு, உங்கள் விடுதி முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.