சுவர்தட்டியார் பேட்டையை விட்டுப் போன விதம்

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று சுவர்தட்டியார் சபதம் எடுத்தார். இந்தப் பேட்டையை விட்டுப் போயே தீருவது. பெண்டாட்டி அழட்டும், புரளட்டும், பேசாமல் இருக்கட்டும். (பேசாமல் இருந்தால் ரொம்ப நல்லது.) இந்த ஒரு விஷயத்திலாவது அவர் சொல் எடுபட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து இப்படி எத்தனையோ சபதங்களைக் கேட்டுவிட்ட அந்தக் கண்ணாடி வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னங்க, குழாயை மூடிட்டு யோசிங்க. தண்ணி வீணாப் போகுது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

சபதத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் குழாயை மூடினார்.

சுவர்தட்டியார் என்பது ஊர் வைத்த பெயர். யாராவது வீட்டுக் கடன் கேட்டால், அந்த வீடு என்ன பெறும் என்று பார்த்து வரச் சொல்லி வங்கி அனுப்புகிற ஆள் அவர். உள்ளே நுழைந்ததும் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். பிறகு உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலைப் பார்த்துப் பெரிய பெரிய கட்டடக்காரர்களெல்லாம் கைகட்டி நிற்பார்கள். வெளியே அவ்வளவு மரியாதை. சொந்த வீட்டில் தட்டினால் மட்டும், "கதவு திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க" என்று பதில் வரும்.

சொந்த வீடு என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். முதல் மாடியில் வாடகை வீடுதான். வீட்டுக்காரர் அதற்கும் மேல் மாடியில் இருக்கிற பல் டாக்டர். வெளியூரில் இருக்கும் மகளோடு போய் இருக்கப்போகிறேன், நீங்கள் இருக்கிற வீட்டை விற்கிறேன், முதலில் உங்களைத்தான் கேட்கிறேன் என்று போன வாரம் அவர் சொன்னதிலிருந்துதான் வீட்டில் புயல். வாங்கிவிடலாம் என்றாள் மனைவி. விலையைக் கேட்டுச் சுவர்தட்டியாருக்கு மயக்கமே வந்தது.

"இங்க என்ன இல்லைன்னு வேற இடம் போகணும்ங்கறீங்க? கீழ இறங்கினா மருந்துக்கடை. திரும்பினா காய்கறிக்கடை. தெருமுனையில பஸ். நூலகம், ஆஸ்பத்திரி, தபாலாபீஸ் எல்லாம் நடந்து போற தூரம்."

"நடந்துதான் போகணும். காரை மூணாவது தெருவுலல்ல நிறுத்தியிருக்கேன்! காருக்குப் போறதுக்கே ஒரு பஸ் பிடிக்க வேண்டியிருக்கு. இந்தக் காசுக்கு ஊருக்கு வெளிய புதுநகர்ல ஒன்றரை வீடு வாங்கலாம், தெரியுமா?"

"அரை வீட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"பேச்சுக்குச் சொன்னேன்டி!"

"அங்க பால் வாங்கணும்னாகூட காரை எடுக்கணுமாமே."

"எடுப்பேன். வாசல்லேர்ந்து எடுப்பேன்!"

விலை, கார் என்றெல்லாம் அவர் சொன்னது உண்மைதான். ஆனால் உண்மையான காரணம் வேறு. அதை அவர் கண்ணாடியிடம்கூடச் சொன்னதில்லை.

சர்க்கரை. இனிப்பைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடக்கூடாது என்று வைத்தியர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. அன்று முதல் இந்தப் பழைய பேட்டை முழுவதும் அவர் மனைவியின் உளவுத்துறையாக மாறிவிட்டது. இங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பேக்கரிக்காரர் மருந்துக்கடைக்காரரிடம் சொல்வார். அவர் துணி தேய்ப்பவரிடம் சொல்வார். துணி தேய்ப்பவர் சட்டையைக் கொடுக்கும்போது விஷயத்தையும் சேர்த்து மடித்துக் கொடுத்துவிடுவார். போன மாதம் ஒரே ஒரு கிரீம் பன். தெருவிளக்கு இல்லாத மூலையாகப் பார்த்து நின்றுதான் தின்றார். பன் தொண்டையில் இறங்குவதற்குள் செய்தி மாடிப்படி ஏறிவிட்டது.

புதுநகரில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே ஒருவரை ஒருவர் பார்ப்பதே லிஃப்டில்தான். அதிலும் எல்லாரும் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு மனிதன் இரு கையிலும் இரண்டு பன்னோடு நடு ரோட்டில் நின்றாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை. அதை நினைக்கும்போதே அவருக்குக் கண்ணில் நீர் துளிர்த்தது.

அந்த உருக்கத்தில்தான் வாயைக் கொடுத்துவிட்டார்.

"இதோ பாரு. புதுநகர் விலைக்கு உங்க டாக்டர் இந்த வீட்டைத் தரட்டும். அடுத்த நிமிஷமே கையெழுத்துப் போடறேன். அப்புறம் இதைப் பத்தி வாயே திறக்கமாட்டேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா. அவர் சொல்ற விலையில மூணுல ஒரு பங்கு குறையணும். குறைப்பாரா? பல்லைப் பிடுங்கினாலும் பைசாவை விடாத மனுஷன்."

மனைவி காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். சமையலறைக்குப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அவர் காலை நீட்டி உட்கார்ந்தார்.

வியாழக்கிழமை காலையில் அதிசயம் நடந்தது. காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "யோசிச்சுப் பார்த்தேங்க. நீங்க சொல்றதுதான் சரி. நமக்கு இந்த வீடு வேண்டாம்."

சுவர்தட்டியார் காப்பியை நாக்கில் ஊற்றிச் சுட்டுக்கொண்டார். "நிஜமாவா?" என்று கேட்பது இப்போது அவர் முறை. இத்தனை வருஷத்து அனுபவம் உள்ளுக்குள், 'ஜாக்கிரதை, ஜாக்கிரதை' என்று கத்தியது. சந்தோஷம் அதன் வாயைப் பொத்திவிட்டது.

"ஆனா ஒண்ணு. டாக்டர் நம்மளைத்தான் முதல்ல கேட்டிருக்கார். வேண்டாம்னு மொட்டையாச் சொன்னா நல்லா இருக்காது. நீங்க தொழில் தெரிஞ்சவர். என்னென்ன குறைன்னு பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காப்பிக்கு வரச் சொல்லட்டுமா?"

குறை சொல்வதற்கு ஓர் அழைப்பு! அதுவும் இத்தனை வருஷம் வாடகையை ஏற்றிக்கொண்டே வந்த மனிதரிடம்! சுவர்தட்டியாருக்கு விரல் முட்டி இப்போதே அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் பல் முப்பத்திரண்டும் தெரிய வந்து உட்கார்ந்தார். "இந்த ஏரியா மாதிரி வருமா சார்! எல்லாம் கைக்கெட்டற தூரத்துல. அந்தக் காலத்துக் கட்டடம் வேற" என்று ஆரம்பித்தார்.

"அந்தக் காலத்துக் கட்டடம்" என்று ஆமோதித்துக்கொண்டே சுவர்தட்டியார் எழுந்து வடக்குச் சுவரைத் தட்டினார். "சத்தத்தைக் கேட்டீங்களா டாக்டர்? உள்ள காலி. பூச்சு சுவரை விட்டு எப்பவோ கழண்டாச்சு."

டாக்டர் தம்மையறியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "மேலாப்புல கொஞ்சம் பூசி அடைச்சுட்டா..."

"அடைச்சா நிக்காது. வேரோட எடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

"என்னங்க நீங்க" என்று மனைவி குறுக்கே வந்தாள். "சுவர் போனாப் போகுது. ஜன்னல் எவ்வளவு பெருசு! என்னமா காத்து வருது!"

அவ்வளவுதான். சுவர்தட்டியார் ஜன்னல் பக்கம் பாய்ந்தார். "காத்து மட்டுமா வருது? எதிர் வீட்டு டிரம்ஸ் வகுப்பும்தான் வருது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு மனுஷன் கண்ணசர முடியுதா? ஜன்னல் சட்டம் பாருங்க, செல்லரிச்சுப் போச்சு. டாக்டர், இங்க விரலை வைங்க. வைங்க, கடிக்காது."

டாக்டர் விரலை வைத்தார். விரல் உள்ளே போயிற்று.

"பத்துல ஒரு பங்கு குறைச்சுக்கறேம்மா" என்றார் டாக்டர், அவளைப் பார்த்து.

"அதெல்லாம் எதுக்கு டாக்டர்? தண்ணிக்கு இங்க பஞ்சமே இல்லையே" என்றாள் அவள்.

சுவர்தட்டியாருக்கு மனைவி மேல் பரிதாபமாக இருந்தது. பாவம், இன்னும் ஆசை விடவில்லை. அந்த ஆசையை இன்றே தீர்த்துவிட வேண்டும். குளியலறைக்குள் புகுந்து குழாயைத் திறந்தார். தண்ணீர் வருவதற்கு முன் குழாய் இருமியது, செருமியது, பிறகு துருவை உமிழ்ந்தது. "இந்தத் தண்ணியில குளிச்சாக் குளிக்கிறதுக்கு முன்னால இருந்ததே தேவலைன்னு தோணும்!" என்று அவர் போட்ட சத்தம் தெருவரைக்கும் கேட்டது. காற்று வரட்டும் என்று மனைவி வாசல் கதவைத் திறந்து வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, வீடு பார்க்க வந்த ஒரு கணவன் மனைவி மாடிப்படி ஏறி வந்தார்கள். டாக்டர் விலை கேட்க வரச்சொன்னவர்கள். மருந்துக்கடைக்காரர் வழி காட்டிக்கொண்டு கூடவே வந்தார். உள்ளே, "மாடிப்படிக் கைப்பிடியை மட்டும் யாரும் பிடிச்சுடாதீங்க, கையோட வந்துடும்!" என்று முழக்கம். பிடித்திருந்த கையை அந்தப் பெண் சடாரென்று எடுத்தாள்.

"யாருங்க அது?"

"சுவர்தட்டியார். அவர் சொன்னா வங்கியே கேட்கும்" என்றார் மருந்துக்கடைக்காரர், பெருமையாக.

வந்தவர்கள் ஏறியதைவிட வேகமாக இறங்கினார்கள். டாக்டர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். மயக்க ஊசி போட்ட மாதிரி ஆகிவிட்டது அவர் முகம். பிறகு சுவர்தட்டியாரின் மனைவி பக்கம் திரும்பினார்.

"சரிம்மா. நீங்க புதன்கிழமை மேல வந்து கேட்ட விலைக்கே எடுத்துக்கோங்க."

சுவர்தட்டியாரின் முட்டி சுவருக்கு அரை அடி முன்னால் நின்றது. "புதன்கிழமையா? என்ன விலை?"

"புதுநகர் விலைதாங்க" என்றாள் மனைவி, காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டே. "அன்னிக்கு டாக்டர் சிரிச்சார். அடுத்த நிமிஷமே கையெழுத்துன்னு சொன்னீங்களே, பேனா எடுத்துட்டு வரட்டுமா?"

பேக்கரி, மருந்துக்கடை, துணி தேய்ப்பவர் என்று மொத்தப் பேட்டையும் அவர் கண்முன் வந்து வரிசையாக நின்று சிரித்தது. இரண்டு கையிலும் இரண்டு பன் பிடித்த அந்தச் சுதந்திர மனிதன் தூரத்தில் புள்ளியாக மறைந்தான்.  ஆனால் சுவர்தட்டியார் லேசில் விடுகிற ஆளா?

"டாக்டர், அவசரப்படாதீங்க! இந்தச் சுவர் இருக்கே, சுண்ணாம்புச் சுவர். குளுகுளுன்னு இருக்கும். இப்பல்லாம் யார் இப்படிக் கட்டறாங்க? இடமோ நட்ட நடு ஊர். நீங்க சொன்ன பழைய விலையே குறைச்சல்!"

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு ஆறுதல் சொல்றீங்க பாருங்க."

"ஆறுதல் இல்லை டாக்டர், சத்தியம்! இன்னும் பத்து வருஷத்துல இது தங்கம்!"

"எப்பேர்ப்பட்ட மனுஷர்ம்மா உங்க வீட்டுக்காரர்! லாபம் வர்ற நேரத்துலகூட அடுத்தவன் மனசைப் பார்க்கறார்." டாக்டர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். "கார் நிறுத்த இடமில்லைன்னு கஷ்டப்படறீங்க. பின்பக்க ஷெட்டையும் நீங்களே வச்சுக்கோங்க. அதுக்குக் காசு வேண்டாம்."

இனி வாயைத் திறந்தால் மேல் மாடி வீட்டையும் தலையில் கட்டிவிடுவார் போலிருந்தது. சுவர்தட்டியார் வாயை மூடிக்கொண்டார். பேனா வந்தது. கையெழுத்துப் போட்டார். நல்ல வீட்டைக் கொள்ளை மலிவாக வாங்கிவிட்டு, ஊரே வாழ்த்துச் சொல்ல, அழாத குறையாக உட்கார்ந்திருந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மறுநாள் காலை கொழுந்தியாள் போன் செய்தாள். மனைவி வெகுநேரம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போனை அவர் காதில் வைத்தாள்.

"அத்தான்! நீங்க நின்னு பேசித்தான் விலையைக் குறைச்சீங்களாமே! உங்களுக்கு எதிர்ல டிரம்ஸ் வாத்தியார் வீடும் விலைக்கு வருதாம். நாங்களும் அங்கயே வந்துடறோம். அக்காவுக்கும் உங்களைக் கவனிச்சுக்க ஒரு துணையாச்சு. இந்த ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்சம் தட்டிக் குடுங்க அத்தான்."

சுவர்தட்டியார் போனைப் பொத்திக்கொண்டு மனைவி பக்கம் திரும்பினார். முகம் சிவந்தது. மீசை துடித்தது. "எனக்கு வர்ற கோபத்துக்கு..." என்று ஆரம்பித்தார்.

"அதை இப்பவே செலவு பண்ணிடாதீங்க" என்றாள் மனைவி. "ஞாயித்துக்கிழமைக்கு வேணும்."