டாக்டர் போடச் சொன்ன மிஷின்

அன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். கோயமுத்தூர் போய் டாக்டர்கிட்ட காதைக் காட்டிட்டு வரணும்.

தொண்ணூறுகள்ல நடந்தது. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில நிட்டிங் மிஷின் ஓட்டிட்டு இருந்தேன். அந்தச் சத்தத்துல நின்னு நின்னு காது மந்தமாயிடுச்சு. ஆனா வெளிய யாருக்கும் தெரியாது. வாயசைவைப் பார்த்தே பதில் சொல்லிடுவேன், அவ்வளவு கெட்டிக்காரன்!

அந்த நேரம் பார்த்து மாஸ்டர் வேலை காலியாச்சு. மாஸ்டர்னா மிஷின் சத்தத்தை வெச்சே கோளாறைச் சொல்லணும். மொதலாளிக்கு என் காது விஷயம் தெரிஞ்சா அந்த வேலை கெடைக்காது! அதுக்குள்ள சரி பண்ணிடணும்னு என் சம்சாரம் சரசு என்னை இழுத்துட்டுப் போனா.

டெஸ்ட் முடிஞ்சுது. நான் பெரிய இவனாட்டம், "நீ வெளியவே இரு"ன்னு சரசுகிட்ட சொல்லிட்டு உள்ள போனேன்.

டாக்டர் தலையைக் குனிஞ்சு எழுதிட்டே பேசினாரு. வாய் தெரியலை. தொலைஞ்சேன்!

"காது நரம்பு பாதிச்சிருக்குங்க. போனது திரும்ப வராது."

இதை எப்படியோ பிடிச்சுட்டேன். "மிஷின்ல ஊசி ஒடஞ்சா மாத்தறோமுங்களே, அப்படி வேற நரம்பு போட முடியாதுங்களா?"

"முடியாதுங்க. மருந்து மாத்திரையும் கிடையாது. ஒரு மிஷின் போட்டா சமாளிச்சுக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எங்க ஊர்ல மிஷின் போடறதுன்னா சொந்தத் தொழில் ஆரம்பிக்கிறது! ஆபரேட்டர் அத்தனை பேருக்கும் கனவே அதுதான்!

"எங்கீங்க போடறது?"

"காதுலதான்."

எனக்குக் கேட்டது, 'காட்டுலதான்'. குண்டடத்துல எங்கப்பாவுக்குக் கொஞ்சம் காடு இருக்கு, சோளம் போடற நிலம். அது இவருக்கு எப்படித் தெரியும்னு வாயைப் பொளந்துட்டேன்.

"அங்க கரண்டு இல்லீங்களே!"

"கரண்டு எதுக்குங்க? பேட்டரியில ஓடும்."

"சத்தம் ஜாஸ்தி வருமுங்களா?"

"சத்தம் வேணும்னுதானே போடறோம்!"

"நைட் ஷிப்டும் ஓட்டலாமுங்களா?"

"ராத்திரி கழட்டி வெச்சிடணும். காலையில உங்க சம்சாரம் மாட்டிவிடுவாங்க."

"சரசு ஒருத்தியாவா?"

அப்பத்தான் டாக்டர் நிமிர்ந்தாரு. மேசையைத் திறந்து, ஒயரோட ஒரு குட்டி டப்பாவை எடுத்து வெச்சாரு. காது கேக்கறதுக்கு மாட்டிக்கிற மிஷினாம் அது! சரசுவை உள்ள கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாரு. அவ சிரிச்ச சிரிப்புல நர்ஸ் ஓடி வந்துட்டாங்க.

டப்பா சட்டைப் பைக்குப் போச்சு, ஒயர் காலருக்குள்ள போச்சு, காதை என் முடியே மூடிக்கிச்சு. சுவிட்சைப் போட்டதும் மொதல்ல கேட்டது சரசுவோட சிரிப்புதான். இவ இத்தனை அழகா சிரிப்பாளா! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

டாக்டர் மட்டும் கறாரா சொன்னாரு: "வேலை நேரத்துல இதைக் கழட்டிட்டு காதை அடைச்சுக்குங்க. மிச்ச நரம்பையாவது காப்பாத்துங்க."

மறைச்சது போதும், சொல்லிடலாம்னு மறுநாள் மொதலாளி முன்னாடி போய் நின்னேன்.

"ஏனுங் மொதலாளி, நானும் மிஷின் போட்டுட்டேனுங்க."

அவரு பதறி எந்திரிச்சுட்டாரு. "என்னங்க இப்படித் திடீர்னு! நீங்க தனியாப் போயிட்டா எனக்கு ஆளு யாருங்க? அந்த மிஷினை வேற யாருக்காச்சும் தள்ளிவிட்டுருங்க. இன்னைலருந்து நீங்கதான் மாஸ்டர்!"

டப்பாவை எடுத்துக் காட்டலாம்னு சட்டைப் பையில கை வெச்சேன். அதுக்குள்ள எனக்கு காப்பி சொல்லிட்டாரு.

இத்தனைக்கும் எங்க மொதலாளிக்குக் காது நல்லாவே கேக்கும்.