அமைதியாக இருக்கவும்

"என்ன மாத்தயா, நான் நாறுறேனா?"

மீன் வியாபாரி இப்படி 'மாத்தயா' போட்டு மரியாதையாகக் கேட்ட பிறகுதான் யுகேஷ் தன் மூக்கைப் பொத்தியிருந்த விரல்களை எடுத்தான்.

"ஐயோ இல்லீங்க, நான் முழிச்சிருக்கேனான்னு பாத்தேன்."

"நல்லாப் பாத்தீங்க!" படிவத்தைப் பிடுங்கிக்கொண்டு அவர் பக்கத்துக் கவுண்டருக்குப் போய்விட்டார். அங்கே இருந்தவள் தர்ஷனா. அவள் சிரித்தாள். யுகேஷுக்கு உயிரே போய்விட்டது.

விஷயம் இதுதான். கண்டி டவுனில் அந்தக் கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் இரண்டு வருடமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தும், "சாப்பிட்டீங்களா?" என்பதைத் தவிர அவளிடம் அவன் ஒன்றும் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமையோடு அவளுக்குப் புசல்லாவைக் கிளைக்கு இடமாற்றம். அதற்குள் மனதில் உள்ளதைக் கனவிலாவது ஒரு தடவை சொல்லிப் பழகிவிட வேண்டும். காணும்போதே அது கனவென்று தெரிந்துவிட்டால் அப்புறம் வெட்கம் எதற்கு?

வழி காட்டியவன் கூட வேலை செய்யும் அஹ்னாப். தங்கமான பிள்ளை, ஆனால் ஓட்டைவாய். போனில் தேடி மூன்று வழி எடுத்துக் கொடுத்தான். "மூக்கப் பொத்திப் பாருங்க. அப்பயும் மூச்சு வந்தா அது கனவு." அந்த வழி மீன் வியாபாரியோடு முடிந்தது.

இரண்டாவது, விடியற்காலையில் எழுந்து மறுபடி தூங்குவது. தூங்கினான், நன்றாகவே தூங்கினான். அவன் ஊரான மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு வரும் பஸ் போயே போய்விட்டது. பதினொரு மணிக்கு வந்தவனை மெனேஜர் கிழி கிழியென்று கிழித்தார். கனவு வராமலில்லை. அதிலும் மெனேஜர்தான் வந்தார்.

"அப்ப மூணாவது," என்றான் அஹ்னாப். "சுவத்துல இருக்கிற எழுத்த வாசிங்க. கொஞ்சம் பொறுத்து மறுபடி வாசிங்க. மாறியிருந்தா கனவு. மாறாட்டி வேலயப் பாருங்க."

எதிர்ச் சுவரில் ஒரு போர்டு இருந்தது. முதலில் அது 'அமைதியாக இறக்கவும்' என்றுதான் வந்தது. எழுதிய பெயின்டருக்குத் தமிழ் தெரியாது. தர்ஷனாதான் சண்டை போட்டு, 'அமைதியாக இருக்கவும்' என்று புதிதாக வேறொரு போர்டு எழுத வைத்தாள். யுகேஷ் அதை நாளுக்கு நாற்பது தடவை வாசித்தான். ஓர் எழுத்தும் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவனுக்குக் கண் சொருகியது. நிமிர்ந்து பார்த்தான்.

'அமைதியாக இறக்கவும்.'

"அடி சக்கை, வந்துட்டேன்!" யுகேஷ் எழுந்து நேரே அவள் முன்னால் போய் நின்றான்.

"தர்ஷனா, சாப்பிட்டீங்களான்னு நான் கேட்டது சோத்தப் பத்தி இல்ல. உங்களப் புடிக்கும். ரொம்பப் புடிக்கும். நீங்க போயிட்டா நான் எப்புடி இங்க உக்காருவேன்?"

அவள் கண் கலங்கிவிட்டது. "இத முந்தியே சொல்றதுக்கு என்ன?"

"நெசத்துல சொல்ல பயங்க. கனவுங்கறதால சொல்றேன்."

"அப்புடியா? மூக்கப் பொத்துங்க."

பொத்தினான். மூச்சு வரவில்லை. இன்னும் அழுத்திப் பொத்தினான். வரவே இல்லை. வரிசையில் நின்ற பதினைந்து பேரும் அவனையே பார்த்தார்கள். ஓடத் திரும்பியவனின் மற்றக் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னது சொன்னதுதானே?"

"ஆமாங்க," என்றான் யுகேஷ், மூக்கை விடாமலே. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. சந்தோஷம் மட்டும்தான் இருந்தது.

பியோன் கணபதி ஏணியோடு வந்து நின்றார்.

"மிஸ், நீங்க மாட்டச் சொன்ன பழைய போர்டை இப்ப கழட்டிறவா, இல்ல சார் இன்னும் ஏதாச்சும் சொல்லணுமா?"