சாப்பாட்டு மேஜைக்கு அடியில் நடந்தது குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, மிகுந்த பணிவுடனும் கொஞ்சம் தலைவலியுடனும் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவியும் சௌக்கியம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவின் மடியில் கொட்டிய தண்ணீர் காய்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லி என் தோளுக்குப் பின்னால் நின்று இவள் சொல்கிறாள். பேனாவால் எழுதியாகிவிட்டது, அடித்தால் அசிங்கமாக இருக்கும், அதனால் இருந்துவிட்டுப் போகட்டும். வரிக்கு வரி இவள் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் இது உறைக்குள் போகும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டு விருந்தின் நடுவில் நான் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போனதற்குக் காரணம், என் ஸ்பூன் கீழே விழுந்ததுதான். ஸ்பூன் விழுந்தது, குனிந்தேன், நிமிரும்போது மண்டை இடித்தது, மேலே ஜக்கு சாய்ந்தது. இவ்வளவுதான் நடந்தது. என் ஸ்பூன் தட்டிலேயே இருந்ததைத் தாங்கள் பார்த்ததாக மகள் சொன்னாள். அது வேறு ஸ்பூன்.

ஸ்பூன் எடுக்கப் போனவன் கையில் பெயின்ட் சுரண்டுகிற சுரண்டி எதற்கு என்று தாங்கள் கேட்பது நியாயம். அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் பிஸ்கட் கம்பெனியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அங்கே தரப் பரிசோதகனாக இருந்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும், ஆனால் என்ன பரிசோதித்தேன் என்று தாங்கள் கேட்டதில்லை. பிஸ்கட்டின் மேல்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள். அடிப்பக்கம் கருகியிருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் கை கேட்கவில்லை. தட்டில் இவள் எதை வைத்தாலும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள் ஒரு நாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “இனிமே என் சமையலைத் திருப்பிப் பார்த்தீங்க, சமைக்கறதையே விட்டுடுவேன். திருப்பிப் பார்க்க வேற ஏதாவது தேடிக்கோங்க” என்று சொல்லி, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக நடத்துகிற பழைய சாமான் கடைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இவள் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிற பச்சைக் குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுக்கிறவள், அதனால் கடைக்கார அம்மாள் பழக்கம். அங்கே ஒரு நாற்காலியைப் புரட்டிப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

அந்த நாற்காலிக்கு மேலே பச்சைப் பெயின்ட். சுரண்டினால் உள்ளே மஞ்சள். மஞ்சளைச் சுரண்டினால் உள்ளே நீலம். அதற்கும் கீழே தேக்கு இருக்கும் என்று எனக்கு ஒரு அசைக்க முடியாத நம்பிக்கை. நாள்கணக்காகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் பார்த்தால் நாற்காலியின் ஒரு பக்கம் ஓட்டையே விழுந்துவிட்டது, தேக்கு வரவில்லை. ஓட்டையை அடைத்து வார்னிஷ் அடித்தேன். அது காயவே இல்லை. மாடியில் குடியிருக்கும் வயலின் வாத்தியார் வாடகை ரசீது வாங்க வந்தவர், நான் பேனா தேடுவதற்குள் அதில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. மனிதர் நல்லவர், ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தால் நின்றுகொண்டேதான் பேசுகிறார். அடுத்து ஒரு இழுப்பறைப் பெட்டி வாங்கினேன். இழுப்பறைகளை மூடிவைத்தே வார்னிஷ் அடித்தால் பார்க்க ஒரே வழவழப்பாக இருக்கும் என்று தோன்றியது, இருந்தது. இந்தத் தடவை வார்னிஷ் காய்ந்தும் தொலைத்தது. அதற்குப் பிறகு ஒரு இழுப்பறையும் திறக்கவில்லை. உள்ளேதான் தூசி படாமல் இருக்கட்டும் என்று இவள் தன் தொப்பிகளை எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா தொப்பிக்காக வந்து வாசலில் நிற்கிறார், நான் பெட்டியின் முதுகை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருக்கிறேன். தொப்பிகளை வெளியே எடுத்துக் கொடுத்தோம். நர்ஸம்மா ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, “தொப்பி ரொம்ப அழகா இருக்கும்மா, ஆனா குழந்தைங்களுக்கு இந்த வாசனை ஆகாது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இவள் அத்தனையையும் துவைத்து உலர்த்தினாள்.

இவ்வளவுக்கும் பிறகு விட்டுத் தொலைத்திருக்கலாம். விட முடியவில்லை. இப்போதெல்லாம் எங்கே மரத்தைப் பார்த்தாலும் விரல் நகம் தானாகப் போய் ஒரு மூலையில் சுரண்டுகிறது. வங்கி கவுண்டரில் சுரண்டி காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நகம் தேய்ந்துபோனதால்தான் சின்னதாக ஒரு சுரண்டியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். அன்று அது என்னிடம் இருந்ததில் வேறு உள்நோக்கம் இல்லை.

விருந்தில் தாங்கள் மேஜையைத் தட்டிக் காட்டி, “இது எங்க தாத்தா வாங்கினது சம்பந்தி. சுத்தமான ஈட்டி மரம். இன்னைக்கு நீங்க எங்க தேடினாலும் கிடைக்காது” என்று சொன்னீர்கள். நான் முழு மனதோடு நம்பினேன். நம்பிக்கை மனதில் இருந்தது, கை மட்டும் தன் பாட்டுக்குப் போய்விட்டது. (“ஸ்பூன்னு எழுதிட்டு இப்ப கைங்கறீங்களே?” என்கிறாள் இவள். ஸ்பூனை எடுக்கப் போன கையைத்தான் சொல்கிறேன்.) மண்டை இடித்த சத்தத்தில் ஐந்து முகங்கள் குனிந்து உள்ளே பார்த்தன. “என்ன சம்பந்தி பண்றீங்க?” என்று தாங்கள் கேட்டீர்கள். நான் சுரண்டியைக் காட்டி, “பல்லுல ஏதோ மாட்டிக்கிச்சு” என்றேன். ஆயுள் முழுக்கப் பல் டாக்டராக இருந்த தங்களிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றிலிருந்து தாங்கள் எங்களோடு பேசவில்லை. அது என் வினை, அனுபவிக்கிறேன். ஆனால் நேற்று மகள் போன் செய்தாள். “மாமா முகமே சரியில்லைப்பா. சாப்பிட உட்கார்ந்தா மேஜையைத் தடவித் தடவிப் பார்க்கறாரு. அப்படி என்னதான் பார்த்தாரு உங்கப்பான்னு என்கிட்ட கேக்கறாரு. நான் என்ன சொல்றது? அங்க உட்கார்ந்து சாப்பிடவே எனக்குச் சங்கடமா இருக்கு” என்றாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண் அவள். சிரிக்காமல் அவள் பேசியதைக் கேட்ட பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நான் செய்த கூத்துக்கு அவள் தட்டைப் பார்த்துக் குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டுமா? அதை மட்டும் என்னால் தாங்க முடியாது சம்பந்தி.

ஆகவே சத்தியமாகச் சொல்கிறேன். நான் எதையும் பார்க்கவில்லை. அடியில் இருட்டு. கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. அப்படியே ஏதாவது பார்த்திருந்தாலும் அது ஈட்டி மரமாகத்தான் இருந்திருக்கும். சுரண்டிய இடம் துவரம்பருப்பு அளவுதான், அதுவும் குனிந்து தேடுகிறவர்களுக்குத்தான் தெரியும், தங்கள் வீட்டுக்கு அப்படிப்பட்ட ஆட்கள் இனி வர மாட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இவளுடைய பின்னல் குழுவின் விற்பனை. வருகிற பணம் அத்தனையும் குழந்தைகள் வார்டுக்கு. தாங்கள் ரிப்பன் வெட்டுவதாக முன்பே ஒப்புக்கொண்டதை இவள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். தயவுசெய்து பழையபடி எல்லாரையும் அழைத்துக்கொண்டு வந்து, மகள் எதிரில் என்னிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். திட்டினாலும் சரி.

தங்கள் இல்லத்தில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சிறியவர்களுக்கு எங்கள் ஆசி, மரச் சாமான்களுக்கு என் மன்னிப்பு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: இவள் கடைசிவரை படித்துவிட்டு, “இப்பதான் மனுஷன் எழுதின மாதிரி இருக்கு” என்று சொல்லி, தொப்பிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். உறையை ஒட்டுவது மட்டும்தான் என் வேலை. ஆகவே இனி உண்மை. ஸ்பூன் விழவில்லை. கண்ணாடி போட்டிருந்தேன். மேஜையின் அடியில், ஓரமாக, சிவப்புப் பெயின்டில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் இருக்கிறது. நம் பழைய சாமான் கடைக்கார அம்மாள் தன் கடைக்கு வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் போடுகிற குறி அது. போய்க் கேட்டேன். “அந்த மேஜையா? வெள்ளைப் பெயின்ட் அடிச்சு, ஒரு கால் ஆடிக்கிட்டு, சீந்துவாரில்லாம கிடந்துச்சு. ஒரு பல் டாக்டர் வாங்கிட்டுப் போனாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னாரு, நானும் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை” என்றார். சம்பந்தி, அது மட்டமான மரம். அதை ஈட்டி மரமாக்கியிருக்கிறீர்கள். விருந்து முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் மேல்பக்கத்தில் எனக்கு ஒரு பிரஷ் கோடு அகப்படவில்லை. பொறாமையில் அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. பாலிஷைத் துணியில் தொட்டுப் போட்டீர்களா, பஞ்சிலா? அதைச் சொல்லிக் கொடுங்கள், அந்த மேஜையைத் தங்கள் தாத்தாதான் வாங்கினார் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். இன்னொன்று. அந்த மேஜையோடு சேர்ந்து வந்த பெஞ்சு, அதே மரம், அதே வேலைப்பாடு, கடையின் பின்னறையில் கிடந்தது. என்றைக்காவது தாங்கள் வந்து கேட்பீர்கள் என்று அந்த அம்மாள் எடுத்து வைத்திருந்தாராம். நான் வாங்கிவிட்டேன். இப்போது என் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்தால் தங்கள் கையில் ஒப்படைக்கிறேன். வராவிட்டால், திங்கட்கிழமை காலையில் நானே அதற்கு வார்னிஷ் அடிக்க ஆரம்பித்துவிடுவேன்.