பஞ்சர் அண்ணனின் வளரும் பாவங்கள்

கொங்கு நாட்டில் பஞ்சர் அண்ணன் அளவுக்குப் பாவம் செய்த மனிதர் இன்னும் பிறக்கவில்லை. நான் சொல்லவில்லை, அவரே சொன்னது. அதுவும் மைக்கில் சொன்னது. அந்த மைக்குக்குப் பொறுப்பு நான் என்பதால் எனக்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு.

சோமனூர்ப் பக்கம் எங்கள் சபை சிறியது. இருபது பெஞ்ச், எட்டு ஃபேன், ஒரு ஆம்ப்ளிஃபயர். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தறி வேலைக்குப் போனவன் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாயே திறக்காது. அதனால் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அங்கே இருப்பவனை யாரும் பேசக் கூப்பிடுவதில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குச் சாட்சி நேரம். தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒருவர் டெங்கு குணமானதைச் சொல்வார். இன்னொருவர் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்வார். கடைசியில் பஞ்சர் அண்ணன் எழுந்திருப்பார். அவருடைய தொண்டைக்கு மைக்கே தேவையில்லை. அவருக்காகவே வால்யூம் திருகில், என் மனைவியின் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். அதைத் தாண்டினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும்.

நான் கேட்ட முதல் சாட்சியில், குடிபோதையில் ஒரு கண்டக்டரைக் குடையால் அடித்ததாகச் சொன்னார். மறு வருடம் குடை இரும்புக் கம்பி ஆனது. அதற்கடுத்த வருடம் டிரைவரும் அடிபட்டார். பத்து வருடத்தில் அந்த பஸ்ஸில் அடிபடாமல் ஒரு பயணிகூட மிஞ்சவில்லை. அவரைப் பிடிக்க வந்த போலீஸும் அதே வேகத்தில் பெருகியது.

"மூணு ஜீப்புங்க! மூணு ஜீப்புல வந்தாங்க என்னையப் புடிக்க!"

முன் பெஞ்சில் ரிடயர்டான கணக்கு டீச்சர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரால் சும்மா இருக்க முடியாது.

"போன தடவ ரெண்டு ஜீப்புன்னீங்களே?"

"அது காலைல வந்ததுங்க டீச்சர். சாயங்காலம் ஒண்ணு வந்துச்சுல்லங்க!"

"அல்லேலூயா" என்று பாஸ்டர் அவசரமாக ஜெபத்துக்குத் தாவிவிடுவார்.

அவருடைய பஞ்சர் கடையிலும் இதே கதைதான். ட்யூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கண்டுபிடித்ததும் அண்ணன் பஞ்சர் ஒட்ட மாட்டார். பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவார்.

"பாத்தீங்களா, எங்க ஓட்டைன்னு அதுவே காட்டிக் குடுக்குது. நம்ம மனசும் இப்படித்தானுங்க."

"அண்ணா, மனசு இருக்கட்டுமுங்க. முகூர்த்தம் முடியறதுக்குள்ள நான் மண்டபத்துக்குப் போகோணும்."

"போலாமுங்க. மொதல்ல மனந்திரும்புங்க."

மனந்திரும்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் எங்கள் ஊரில் ஏராளம்.

ஒருநாள் என் சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது மெதுவாகக் கேட்டேன். "ஏனுங்ணா, நெசமாவே மூணு ஜீப்புங்களா?"

அவர் பம்பை நிறுத்தினார். "தம்பி, கொஞ்சமாப் பாவஞ் செஞ்சவன மன்னிச்சா அதுல கர்த்தருக்கு என்னங்க பெருமை? நான் எச்சாச் சொன்னா அவருக்கு மகிமை எச்சா. அது போகட்டும், நீங்க எப்ப சாட்சி சொல்லப் போறீங்க?"

"எனக்குச் சொல்ற மாதிரி ஒண்ணுமில்லீங்ணா."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒரு பாவமாச்சும் செஞ்சிருக்கலாமுங்க தம்பி."

அவருக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நடந்தாலும் அன்றைக்குக் கடை கிடையாது. வாசல் கேட்டில் போய் நின்றுகொள்வார். உள்ளே ஒரு அடி வைக்க மாட்டார். பிள்ளையின் நடனத்தைப் பார்க்கத் தள்ளாடிக்கொண்டு வரும் அப்பாக்களைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய், கடையில் லாரி டயர் மேல் உட்காரவைத்து, மோர் கொடுத்து, தெளிந்த பிறகுதான் விடுவார். ஒரு வருடம் அப்படி அவர் பிடித்துக்கொண்டு போனவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவர். பாவம், தறிக்கட்டை விழுந்து காலில் அடிபட்டிருந்தது. மூன்று டம்ளர் மோர் குடித்த பிறகுதான் அண்ணன் நம்பினார். அதற்குள் அந்த மனிதருடைய மகளின் நடனம் முடிந்துவிட்டது.

ஏன் இந்த வேலை என்று யாருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். அவர் குடித்த காலத்தில் மனைவி, மகளைக் கூட்டிக்கொண்டு கொடுமுடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். குடியை விட்ட பிறகு, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அண்ணன் தன் கையால் ஒரு காகித ஸ்டார் செய்து பஸ்ஸில் கொடுத்து அனுப்புவார். பதில் வந்ததில்லை. "என்ற புள்ள ஒரே ஒரு நாளு இங்க வந்து, நான் சாட்சி சொல்றதக் கேக்கோணும் தம்பி. அது போதுமுங்க" என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் சத்தம் இறங்கிவிடும்.

போன வருடம் ஒரு முதல் ஞாயிறு. ஆராதனை ஆரம்பித்த பிறகு ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து கடைசி பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தில் ஐடி கம்பெனி பட்டை.

"ஏனுங்ணா, பஞ்சர் கடைக்காரரு எப்பப் பேசுவாருங்க?"

"கடைசியாங்க. நீங்க...?"

"அவரோட புள்ள நானுங்க. சரவணம்பட்டில வேலை." கைப்பையைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். கல்யாணப் பத்திரிகை. "அம்மா வேண்டாங்குது. அவரு இங்க மாசாமாசம் உண்மையெல்லாம் சொல்றாருன்னு கேள்விப்பட்டேன். கேட்டுப்போட்டுத்தானுங்க, குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ணோணும்."

உண்மையா? இன்றைக்கு எப்படியும் நாலு ஜீப் வருமே! முன்னால் போய் அவர் காதில் சொல்லலாம். அதற்கு இருபது பெஞ்சைத் தாண்டி, எல்லோரும் பார்க்க நடக்க வேண்டும். என் கால் எழவில்லை.

அண்ணன் எழுந்தார். "ஸ்தோத்திரம்! அன்னைக்கு அந்த பஸ்ஸுல அம்பது பேருங்க. என்ற கையில இரும்புக் கம்பி..."

அந்தப் பெண் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

நான் மைக்கை அணைத்துவிட்டேன்.

"கரண்டு போயிருச்சுங்களா?" என்று அண்ணன் மேலே பார்த்தார். எட்டு ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்தன. திரும்பி என்னைப் பார்த்தார். அப்படியே பக்கத்தில் பார்த்தார். அந்தப் பெண்ணின் முகம் அவர் மனைவியின் ஜாடையில் இருந்திருக்க வேண்டும்.

பிறகு, மைக் இல்லாமல், எங்களுக்கெல்லாம் புதிதான ஒரு சின்னக் குரலில் பேசினார்.

"ஜீப்பு ஒண்ணும் வரலீங்க. டீச்சர், நீங்க மன்னிக்கோணும். சைக்கிள்ள ஒரே ஒரு போலீஸ்காரர் வந்தாரு. நான் அழுததப் பாத்துட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சுட்டாரு. நான் யாரையும் அடிச்சதில்லீங்க. கையில குடை இருந்தது மட்டும் நெசம்."

யாரும் சிரிக்கவில்லை.

"என்ற புள்ள அஞ்சாவது படிக்கறப்ப ஆண்டு விழாவுல படம் வரைஞ்சதுக்குப் பரிசு. எவர்சில்வர் டிபன் பாக்ஸு. நான் குடிச்சுப்போட்டு மேடை ஏறிட்டனுங்க. 'என்ற புள்ளைடா'ன்னு அவ கையில இருந்து அதப் புடுங்கி ஒசக்கத் தூக்கிக் காட்டி, அப்படியே விழுந்துட்டேன். பாக்ஸு நசுங்கிருச்சு. பள்ளிக்கூடமே சிரிச்சுது. அவ மட்டும் சிரிக்கல. அவ மூஞ்சி போன போக்கச் சொல்றதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க. அத மறைக்கத்தான் கம்பி, ஜீப்பு எல்லாம். கர்த்தர் என்னைய மன்னிச்சது அந்த ஒரு பாவத்துக்குத்தான். கேட்டுல நிக்கற வேலையக் குடுத்ததும் அதுக்குத்தானுங்க."

உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் அல்லேலூயா சொல்லவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அந்தப் பெண் நேராக அவரிடம் போனாள். நான் வயரைச் சுற்றுகிற சாக்கில் பக்கத்தில் போய் நின்றேன்.

"அது டிபன் பாக்ஸு இல்ல" என்றாள். "சோப்பு டப்பா."

அண்ணன் திகைத்தார். "சோப்பு டப்பாவா அம்மணி? பிளாஸ்டிக்கா? பதினாறு வருசமா எனக்கு டிபன் பாக்ஸுன்னேதான் கண்ணு நெனப்பு..."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை எடுத்து நீட்டினாள். "வந்துருங்கப்பா. ஆனா மைக்கு மட்டும் கேக்கக் கூடாது."

கல்யாணத்துக்கு அவர் போனார், மைக் பக்கமே திரும்பவில்லை என்று கேள்வி.

மைக்கை வேண்டுமென்றேதான் அணைத்தேன் என்று ஒரு மாதம் கழித்து அவரிடம் ஒப்புக்கொண்டேன். கையிலிருந்த ட்யூபைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சாட்சியப் பாதில நிறுத்திப்போட்டீங்களா? அப்பாடா! ஒரு பாவமாச்சும் செஞ்சுபோட்டீங்களே தம்பி!"

இப்போதும் முதல் ஞாயிறு அவர் எழுகிறார். இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஜீப் இல்லை, பஸ் இல்லை. இந்த மாதம் கேட்டிலிருந்து யாரைக் கூட்டிப்போய் மோர் கொடுத்தார் என்பது மட்டும்தான். டீச்சருக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. அண்ணனின் குரலும் அன்றைக்கு இறங்கியது இறங்கியதுதான். அவர் எழுந்ததும் நான் சிவப்புப் புள்ளியைத் தாண்டி, திருகு போகிற வரைக்கும் ஏற்றிவைக்கிறேன். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இருக்கும் எனக்கு அவர் சொல்வதில் ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது.