மேஸ்திரி சுவரில் சிப்பிக் காளான்

"வாஷிங் மெஷினுக்குள்ள வைங்க! அதை யார் திறந்து பார்க்கப் போறாங்க?"

"நுழையாதும்மா. பை பெருசு."

"அமுக்கினா நுழையும். மெதுவா அமுக்குங்க, உயிருள்ள பொருள்!"

மெதுவாக அமுக்குவது எப்படி என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் வைக்கோல் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஒன்பதரை. பத்து மணிக்கு வீட்டு ஓனர் வருவதாக இருந்தார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, திருப்தியாக இருந்தால் அடுத்த மூன்று வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். திருப்தியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கண்ணாடிக்காரர் யோசிக்கவே விரும்பவில்லை.

கண்ணாடிக்காரர் என்றால் கண்ணாடி விற்பவர் அல்ல. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். "இது தெளிவா தெரியுதா, இல்ல இது தெளிவா தெரியுதா?" என்று நாள் முழுக்க அடுத்தவரைக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் எதையும் இரண்டு தரம் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். அவள் எதையும் ஒரே தரம்தான் சொல்வாள்.

கல்யாணமாகி ஆறு வருடத்தில் ஐந்து வீடு மாறியாகிவிட்டது. ஒரு வீட்டை ஓனரின் மகள் கேட்டாள். ஒரு வீட்டை இடித்தார்கள். ஒரு வீட்டில் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் மறுபடியும் கட்டச் சொல்லிவிட்டார்கள். இந்த ஆறாவது வீட்டுக்கு வந்த பிறகுதான் டீச்சர் தைரியமாக அட்டைப்பெட்டிகளை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் தூக்கிக் கொடுத்தாள். "இன்னொரு தரம் பெட்டி கட்ட வேண்டி வந்தா, முதல் பெட்டியில உங்களை வச்சு ஒட்டிடுவேன்" என்றும் சொல்லியிருந்தாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் சொல்லும்போது கண் கலங்கியதை அவர் பார்த்துவிட்டார்.

அப்படிப்பட்டவள்தான் பதினெட்டு நாளைக்கு முன்னால் சிப்பிக் காளான் வளர்க்கும் பை ஒன்றைத் தபாலில் வரவழைத்தாள்.

"அக்ரிமெண்ட்ல என்ன இருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்று அன்றைக்கே கேட்டார் கண்ணாடிக்காரர். "நாய், பூனை, கோழி, செடி, கொடி எதுவும் வீட்டுக்குள்ள வளர்க்கக் கூடாது. வளர்த்தா உடனே காலி பண்ணணும். ஞாபகம் இருக்கா?"

"காளான் செடியும் கிடையாது, பிராணியும் கிடையாது. அது தனி இனம். எட்டாம் வகுப்புப் பாடத்துல இருக்கு."

"மேஸ்திரி எட்டாம் வகுப்பு படிச்சிருக்காரா?"

வீட்டு ஓனர், கட்டட மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வீட்டைத் தன் கையாலேயே கட்டியவர். மாதம் ஒரு தரம் வந்து சுவர்களை விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். பின்பக்கத்து ஸ்டோர் ரூம் சுவரில் ஈரம் கசிகிறது என்று இரண்டு வருடமாக இவர்கள் சொல்லி வருகிறார்கள். "என் சுவத்துலயா? ஈரமா?" என்று சிரிப்பார். "நீங்க ஜன்னலைத் திறக்கிறதில்ல டாக்டர். அது உங்க மூச்சுக் காத்து." கண்ணாடிக்காரர் டாக்டர் இல்லை என்பதையும் இரண்டு வருடமாகச் சொல்லியாகிவிட்டது. அதையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

பையோடு வந்த காகிதம், இருட்டும் ஈரமும் உள்ள இடமாகப் பார்த்து வைக்கச் சொன்னது. அப்படி ஓர் இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஸ்டோர் ரூம் சுவரோடு பையை ஒட்டி வைத்து, நாலு பக்கமும் பிளேடால் கீறிவிட்டு, வேளா வேளைக்குத் தண்ணீர் தெளித்தார்கள். பத்து நாளில் உள்ளே வெள்ளையாகப் படரும் என்று காகிதம் சொன்னது. படரவில்லை. பை அப்படியே மஞ்சளாக உட்கார்ந்திருந்தது. கம்பெனிக்கு இரண்டு தரம் போன் செய்ததில், இரண்டு தரமும் பாட்டுதான் கேட்டது. "உள்ளுக்குள்ள வளருது, நமக்குத் தெரியல" என்றாள் டீச்சர்.

இன்று காலையில் பார்த்தால், பைக்கும் சுவருக்கும் நடுவே காளான்! உள்ளங்கை அகலத்துக்கு, அடுக்கு அடுக்காக, வெள்ளை வெளேரென்று. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி குதித்தாள். கண்ணாடிக்காரரும் குதித்தார். குதித்து முடித்தபோதுதான் ஓனரின் போன் வந்தது.

இப்போது பையை நகர்த்தியதில் புதுச் சிக்கல். பை தனியாக வந்துவிட்டது. காளான் சுவரோடு நின்றுவிட்டது.

"ஏன் இது பையோட வரல?" என்றார் கண்ணாடிக்காரர்.

"பையிலிருந்து நூல் நூலா இழை ஓடும். அது சுவத்தைப் பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"சரி, கத்தியால சுரண்டிடவா?"

"சுரண்டுவீங்களா? பதினெட்டு நாள் தண்ணி தெளிச்சிருக்கேன்! நாளைக்கு இது ரெண்டு மடங்காகும். எதையாவது மாட்டி மறைங்க."

பையை வாஷிங் மெஷினில் திணித்து மேலே நாலு துண்டைப் போட்டு மூடினார். சுவரில் மாட்ட எதுவும் அகப்படவில்லை. கடைசியில் அவர் கண்ணில் பட்டது, கடையிலிருந்து என்றைக்கோ கொண்டு வந்த பழைய கண் பரிசோதனை அட்டை. மேலே யானை அளவுக்கு ஒரு எழுத்து, கீழே வரவர எறும்பாகும் எழுத்துகள். காளானுக்கு மேலே ஓர் ஆணி ஏற்கெனவே இருந்தது. மாட்டிவிட்டார். நடுவில் மட்டும் அட்டை லேசாகத் தொப்பை போட்டது.

மணி அடித்தது.

மேஸ்திரி உள்ளே வந்தார். கூடத்துச் சுவரைத் தட்டினார், தலையாட்டினார். படுக்கையறைச் சுவரைத் தட்டினார், தலையாட்டினார். வாஷிங் மெஷினைக்கூட ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடிக்காரருக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

ஸ்டோர் ரூமில் நுழைந்ததும் மேஸ்திரி நின்றார்.

"இது என்ன டாக்டர்? வீட்டுலயும் வைத்தியமா?"

"சும்மா... பழகிப் பார்க்க."

"நல்லதாப் போச்சு. என் கண்ணையும் ஒருதரம் பார்த்துடுங்க." மேஸ்திரி கதவோரம் போய் நிமிர்ந்து நின்றார். "ட... ம... ப... சரியா?"

"பிரமாதம். போதும், வாங்க, டீ ஆறிடும்."

"இருங்க. நாலாவது வரி என்ன வளைஞ்சு நிக்குது? எழுத்து எல்லாம் முன்னால தள்ளிக்கிட்டு வருதே?"

"அது... உங்க பவர் மாறியிருக்கு."

"போன மாசம்தானே நீங்களே புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தீங்க?"

"சில பேருக்குச் சீக்கிரம் மாறும்."

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். ஒரு எட்டு முன்னால் வந்தார். இன்னொரு எட்டு வந்தார். அந்தக் கண்ணாடியை இவ்வளவு அக்கறையாகச் செய்து கொடுத்திருக்க வேண்டாம் என்று கண்ணாடிக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாகத் தன் தொழில் சுத்தத்துக்காக வருத்தப்பட்டார். மேஸ்திரி விரலை மடக்கி வழக்கம் போல நாலாவது வரியைத் தட்டினார். சத்தமே வரவில்லை. மெத்தையில் குத்தியது போல விரல் உள்ளே போனது.

அட்டையைத் தூக்கினார்.

மூன்று பேரும் காளானைப் பார்த்தார்கள். காளான் யாரையும் பார்க்காமல் வெள்ளையாக நின்றது.

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அதற்குள் டீச்சர் முந்திக்கொண்டாள். "நாங்கதான் ரெண்டு வருஷமா சொல்றோமே ஐயா, ஈரம் இருக்குன்னு."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் அவள் கணவரைப் பார்க்கவில்லை.

மேஸ்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"என் சுவத்துலயா," என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "டீச்சரம்மா, அந்தப் பேப்பரைக் கொண்டாங்க."

டீச்சர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தாள். மேஸ்திரி மடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "மூணு வருஷம் இல்ல, அஞ்சு வருஷம்னு எழுதிக்குங்க. வெளியில யாருக்கும் சொல்லாதீங்க. நாளைக்கே இந்தச் சுவத்தை இடிச்சுக் கட்டித் தர்றேன்."

டீச்சர் கண்ணால் கணவரிடம் சொன்னாள்: வாயைத் திறக்காதீர்கள். கண்ணாடிக்காரர் திறக்கவில்லை. ஐந்து வருடம்! அட்டைப்பெட்டியே இல்லாத ஐந்து வருடம். மனதுக்குள் ஒரு குதி குதித்துக்கொண்டார்.

ஆனால் மேஸ்திரி எழுந்திருக்கவில்லை.

"என் தம்பி கொத்தனார்," என்றார் தரையைப் பார்த்தபடி. "இந்தச் சுவத்தைக் கட்டும்போதே சொன்னான். 'அண்ணே, குழாயை இதுக்குள்ள விடாத, பின்னால தண்ணி இறங்கும்'னு. எனக்கே பாடம் சொல்றியான்னு எல்லார் முன்னாலயும் அவனைக் கரண்டியோட விரட்டிட்டேன். ஒன்பது வருஷமாச்சு. அவன் மக கல்யாணத்துக்குக்கூட நான் போகல." போனை வெளியே எடுத்தார். தம்பியின் எண்ணை அழுத்தினார். "இன்னைக்கு அவன்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டே ஆகணும்."

போன் ஒலிக்கத் தொடங்கியது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

எழுபது வயது மனிதர், சுவர் முளைக்க வைக்காத காளானுக்காக, வாளி மேல் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்கப் போகிறார். ஐந்து வருடம் என்ன, ஐம்பது வருடம் கொடுத்தாலும் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு குடியிருக்க முடியுமா? கண்ணாடிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு லேசாகத் தலையசைத்தாள்.

"ஐயா! வேண்டாம்!" என்று கத்தினார். "அது சுவத்துல முளைச்சது இல்ல. நாங்க வளர்த்தது!"

"என்னது?"

"காளான் பை வாங்கி இங்கே ஒட்டி வச்சோம். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மறைச்சோம். இதுல உங்க சுவர் மேல தப்பே இல்ல!" ஓடிப்போய்த் துண்டுகளை வீசி, மெஷினிலிருந்து பையை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தார். "இது தெரியுதா? இதான் அது!"

மேஸ்திரி பையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். வாளியிலிருந்து எழுந்தபோது பத்து வயது குறைந்திருந்தது. அதே நேரம் போனில், "யாரு... அண்ணனா?" என்று ஒரு குரல் தழுதழுத்தது.

"ஆமாடா, அண்ணன்தான்! நல்லாக் கேட்டுக்க! என் சுவர் இரும்புடா! ஒன்பது வருஷமாச்சு, ஒரு சொட்டு ஈரம் கிடையாது! தண்ணி இறங்கும்னியே, எங்கடா இறங்குச்சு? நீயெல்லாம் ஒரு கொத்தனாரு!"

அதே வேகத்தில் ஒப்பந்தத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். நாலாகக் கிழித்தார்.

"டாக்டர், உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. உங்களை மாதிரி நல்ல மனுஷனை நான் பார்த்ததில்ல. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க."

"ஐயா, காளான் செடி இல்லைங்க," என்றாள் டீச்சர் அழுகையோடு. "அது தனி இனம்..."

"வளர்த்தீங்களா, இல்லையா?"

"வளர்த்தோம்."

"அப்போ காலி பண்ணுங்க."

கண்ணாடிக்காரர் மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். முதல் பெட்டியில் தான்தான் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னது சரிதாங்க," என்றாள் மெல்ல. "விடுங்க. பழைய பேப்பர்காரர்கிட்ட கேட்டா பெட்டியைத் திருப்பித் தருவார்." அதைக் கேட்டதும் அவருக்குத்தான் அழுகை வந்தது.

வாசலில் மணி அடித்தது.

கதவுக்கு வெளியே கையில் பெரிய பெட்டியோடு ஓர் இளம்பெண் நின்றாள். மூச்சு வாங்கியது.

"இந்த வீட்டுக்காரர் யாருங்க?"

"நான்தான்," என்றார் கண்ணாடிக்காரர், மனைவியை நினைத்துக்கொண்டு.

"நான்தான்," என்றார் மேஸ்திரி, சுவரை நினைத்துக்கொண்டு. போனை அணைக்க அவர் மறந்திருந்தார். உள்ளே தம்பி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது எல்லோருக்கும் கேட்டது.

அந்தப் பெண் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரிடம் சொன்னால் என்ன என்று முடிவு செய்தவளாகப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினாள்.

"காளான் கம்பெனியிலேருந்து வர்றேங்க. ரொம்ப மன்னிக்கணும், பதினெட்டு நாளைக்கு முன்னால உங்களுக்குத் தவறிப்போய் வெறும் வைக்கோல் பையை அனுப்பிட்டோம். அதுல காளான் விதையே போடல!"